நோட்டு போனால் வாங்கிக்கொள்ளலாம்

(சங்கத்தின் பழவேற்காடு பயணத்துக்கு அடுத்த ஞாயிறு மாலை கிளப் ஹவுஸில் நடந்த கூட்டத்தில், 'சி' பிளாக்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு மடலில் வெளியிடுகிறோம்.)



மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. வகுப்பில் பேசித்தான் பழக்கம். அதனால் நடுவில் யாரையாவது எழுப்பிக் கேள்வி கேட்டுவிட்டால் மன்னிக்க வேண்டும்.

போன வாரம் பழவேற்காடு போய் வந்தோம். பூநாரைகளைப் பார்த்தோம். டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்து முதலில் பயந்த நம் பிள்ளைகள், ஐந்து நிமிஷத்தில் அவற்றோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் இறாலும் நண்டும் வாங்கி ஐஸ் பெட்டியை நிரப்பினோம்.

நம்மைப் படகில் கூட்டிப்போனவரின் மகனை நினைவிருக்கிறதா? எட்டாம் வகுப்புப் படிக்கிறான். "வலையில நல்லா பாடு கிடைக்கிற நாள்ல அப்பாவோட போயிடுவேன் மிஸ், மத்த நாள் ஸ்கூல்" என்றான். திரும்பும் வழியில் பஸ்ஸில் உங்களில் பல பேர் அதையே பேசிக்கொண்டு வந்தீர்கள். "இந்தப் பிள்ளைகளுக்கு நம்மால் ஏதாவது செய்ய முடியாதா?" என்று கேட்டீர்கள். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு யோசனை வந்தது. நம் படிக்கும் அறையைக் காலையில் இரண்டு மணி நேரம் திறந்து வைப்பது, வேன் செலவைச் சங்கம் ஏற்பது, பாடம் சொல்லித் தர முடிந்தவர்கள் சொல்லித் தருவது.

கமிட்டியில் நான் ஒன்று சேர்த்துச் சொன்னேன். பழவேற்காட்டுப் பிள்ளைகளோடு கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமின் பிள்ளைகளையும் அழைக்கலாம் என்றேன். பொன்னேரியில் நின்றால் வடகிழக்கே பழவேற்காடு, வடமேற்கே கும்மிடிப்பூண்டி. இரண்டும் நம் திருவள்ளூர் மாவட்டம்தான்.

அப்போது ஒருவர் கேட்டார். "மீனவர் பிள்ளைகள் சரி. முகாமுக்கு அரசாங்கமே எல்லாம் செய்கிறதே. போர் முடிந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே இருக்கிற பிள்ளைகள் போரைப் பார்த்ததுகூட இல்லை. இன்னும் என்ன?"

நியாயமான கேள்வி. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

முதலில் பழவேற்காட்டிலிருந்தே தொடங்குகிறேன். 2004 டிசம்பர் 26 உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிற குப்பங்களில் சுனாமித் தண்ணீர் புகுந்தது. படகு போயிற்று, வலை போயிற்று, பிள்ளைகளின் புத்தகப் பையும் போயிற்று. ஆனால் நோட்டு போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஏன் வாங்க முடிந்தது? பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயர் இருந்தது. வாத்தியாருக்கு முதல் தேதி சம்பளம் வந்தது. மார்க் ஷீட் தொலைந்தால் நகல் தர சென்னையில் ஓர் அலுவலகம் இருந்தது. அலை ஊரை அடித்தது. ஊருக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு அப்படியே நின்றது.

பாசியாவரம் போன்ற ஏரிக் கிராமத்துப் பிள்ளைகள் நெடுங்காலம் படகேறித்தான் பள்ளிக்கு வந்தார்கள். கஷ்டம்தான். ஆனால் படகு கரை சேர்ந்தால் அங்கே பள்ளிக்கூடம் இருக்கும். நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கும்.

போர் செய்வது வேறு. போர் நோட்டைப் பறிப்பதோடு நிற்பதில்லை. நோட்டை மறுபடி தரக்கூடிய ஏற்பாட்டையே அறுத்துவிடுகிறது. பதிவேடு, வாத்தியார், பரீட்சை, சான்றிதழ், அடுத்த வருஷமும் இதே பள்ளி இருக்கும் என்கிற நம்பிக்கை, எல்லாமே போகிறது. இடிந்த கட்டடத்தை ஒரு வருஷத்தில் கட்டலாம். இவற்றைக் கட்ட ஒரு தலைமுறை போதவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் இதற்கான உதாரணங்கள்.

நம் சென்னைக்கே போரின் வாடை கொஞ்சம் பட்டிருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் அடுத்த நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. மெட்ராஸில் அவசியமில்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று அரசாங்கம் சொன்னது. ஊர் காலியாயிற்று, அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு இடம் மாறின. "எவாகுவேஷன்ல ஒரு வருஷப் படிப்பு போச்சு" என்று நம் வீட்டுத் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சில மாதங்களில் ஆபத்து விலகியது, எல்லோரும் திரும்பினார்கள், கதையாகிவிட்டது. அந்தச் சில மாதங்களை இருபத்தாறு வருஷங்களாக நீட்டிப் பாருங்கள். அதுதான் இலங்கை.

இலங்கை கல்வியில் பின்தங்கிய நாடு என்று நினைக்காதீர்கள். கன்னங்கரா என்ற கல்வி அமைச்சரின் முயற்சியால் 1945-லேயே பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி கொண்டுவந்த நாடு அது. எழுத்தறிவில் நம்மைவிட வெகு தூரம் முன்னால் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நிலத்தை விற்றாவது பிள்ளையைப் படிக்க வைப்பார்கள்.

சண்டையின் விதையிலும் கல்வி இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு 'தரப்படுத்தல்' என்ற முறை வந்தது. தமிழில் எழுதும் மாணவர் சில படிப்புகளுக்குக் கூடுதல் மதிப்பெண் எடுத்தால்தான் இடம் என்ற நிலை வந்தபோது, படித்தால் முன்னேறலாம் என்ற நம்பிக்கையில் விரிசல் விழுந்தது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் பழைய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அந்த நூலகத்தை அமைக்க ஆலோசனை சொன்னவர் நம் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன். கட்டடத்தை வடிவமைத்தவர் நரசிம்மன், அவரும் சென்னைக்காரர். எரிந்ததில் நம் ஊர்க்காரர்களின் உழைப்பும் இருந்தது.

1983-இல் போர் மூண்டது. 2009 மே மாதம் முடிந்தது. அந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு எப்படி அறுந்தது என்று பார்ப்போம்.

பள்ளிக்கூடமே இடம்பெயர்ந்தது. வலிகாமம் வடக்கில் 1990-இல் மக்கள் வெளியேறியபோது பள்ளிகளும் வெளியேறின. வேறொரு பள்ளியின் வளாகத்தில், அந்தப் பள்ளி விட்ட பிறகு மாலையில், இரவல் வகுப்பறையில் நடந்தன. சொந்த இடம் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. சில பள்ளிகள் தங்கள் இடத்துக்குத் திரும்ப இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. போர் முடிந்த பிறகும் பல வருஷம். முதல் வகுப்பில் இரவல் பள்ளியில் சேர்ந்த பிள்ளை, தன் பிள்ளையையும் அதே இரவல் பள்ளியில் சேர்த்திருப்பார்.

1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே இரவில் நடந்து வெளியேறினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் நாகர்கோவில் என்ற ஊரில் (நம் நாகர்கோவில் இல்லை, யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருப்பது) பள்ளியின் மேல் விமானக் குண்டு விழுந்து மாணவர்கள் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எந்தத் தாய் பிள்ளையை நிம்மதியாகப் பள்ளிக்கு அனுப்புவாள்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையான வாத்தியார் இல்லை. விடுதலைப் புலிகள் பள்ளி வயதுப் பிள்ளைகளைப் படையில் சேர்த்தார்கள். அதைத் தடுக்க யுனிசெஃப் பல வருஷம் போராடியது. பிள்ளையைப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று பள்ளியை நிறுத்திய பெற்றோர் உண்டு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்தப் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில், ஏற்கெனவே நிரம்பி வழிந்த பள்ளிகளில் படித்து வளர்ந்தார்கள்.

தெற்கில் இருந்த சிங்களப் பிள்ளைகளும் தப்பவில்லை. 1987 முதல் 1989 வரை ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. ஒரு வருஷம் மூடினால் அடுத்த வருஷ மாணவர் வரிசையில் நிற்க வேண்டும், அவருக்குப் பின்னால் அடுத்தவர். நம் லிஃப்ட் ஒன்று ரிப்பேரானால் காலை எட்டரைக்குத் தரைத் தளத்தில் என்ன ஆகிறது? லிஃப்ட் சரியான பிறகும் அந்தக் கூட்டம் கரைய நேரம் எடுக்கும். நாட்டின் பல்கலைக்கழகத்துக்கு அந்த நேரம் வருஷக் கணக்கு.

ஆசிரியர்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனார்கள். குறை சொல்ல முடியாது, உயிர் பிழைக்கப் போனார்கள். ஆனால் ஒரு நல்ல கணக்கு வாத்தியார் போனால் அவரிடம் படித்து அடுத்த கணக்கு வாத்தியாராக வேண்டிய பத்துப் பேரும் இல்லாமல் போகிறார்கள். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நான்கே வருஷத்தில் ஆசிரியர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது ஓடிப்போனார்கள். அதன் பிறகு கொஞ்சம் படித்தவர் கொஞ்சமும் படிக்காதவருக்குச் சொல்லிக் கொடுக்கும் நிலை வந்தது.

"சரி டீச்சர், இதெல்லாம் அந்தத் தலைமுறையோடு போகாதா?" என்று கேட்கலாம். இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பத்து வயதாக இருந்த ஜெர்மனி, ஆஸ்திரியாக் குழந்தைகளை, போரில் சேராத சுவீடன், சுவிட்சர்லாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். போரைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகப் படித்திருந்தார்கள். அதனால் நாற்பது வருஷம் கழித்து, 1980-களிலும் அவர்களின் சம்பளம் குறைந்தே இருந்தது. ஜெர்மனி அதற்குள் பணக்கார நாடாகிவிட்டது. அப்படியும் பத்து வயதில் போன படிப்பு திரும்பவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன்.

1983 முதல் சுமார் மூன்று லட்சம் பேர் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பிவிட்டார்கள். இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். அவற்றில் பெரிய முகாம்களில் ஒன்று கும்மிடிப்பூண்டி. அரசு செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்கிறார்கள். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அவர்களின் மேற்படிப்புக்கு வந்த தடைகள் பின்னர் நீங்கின. 2021-இல் கல்வி உதவித்தொகை உயர்ந்தது, 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது.

நான் வேலை பார்த்த பள்ளிக்கு 2006-ஐ ஒட்டி ஒரு பையன் வந்து சேர்ந்தான். பதினான்கு வயது. ஏழாம் வகுப்பில் உட்கார வைத்தோம், ஏனென்றால் எந்த வகுப்பு வரை படித்தான் என்பதற்குச் சான்றிதழ் இல்லை. நான்கு பள்ளி மாறியிருந்தான், நடுவே பள்ளியே இல்லாத மாதங்கள். அவன் ஒரு பாலித்தீன் கவரில் ஒரு பழைய நோட்டைப் பத்திரமாக வைத்திருந்தான். என்ன என்று கேட்டேன். அதன் ஒரு பக்கத்தில் அவனுடைய பழைய தலைமை ஆசிரியரின் சீல் இருந்தது. தான் பள்ளியில் படித்தவன் என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது. மற்ற பிள்ளைகளுக்கு நோட்டு போனால் வாங்கிக்கொள்ளலாம். இவன் நோட்டு போனால் போனதுதான்.

கணக்கு நன்றாக வந்தது. ஆனால் இயற்பியலை 'பௌதிகம்' என்பான், வேதியியலை 'இரசாயனவியல்' என்பான். அவன் சொன்னதும் நல்ல தமிழ்தான், பாடப்புத்தகம் வேறு. பையன்கள் சிரிப்பார்கள். தன்னைவிட இரண்டு வயது சின்னப் பையன்கள் சிரித்தால் எப்படி இருக்கும்? மெல்ல மெல்லப் பேசுவதை நிறுத்திக்கொண்டான். எனக்கு வகுப்பில் ஐம்பது பேர். நான் அதைக் கவனிக்க ஒரு வருஷம் ஆயிற்று. இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

பத்தாவது தேறினான். பாலிடெக்னிக்கில் டிப்ளமோவும் முடித்தான். போன வருஷம் நம் 'பி' பிளாக்குக்குப் பெயின்ட் அடித்தார்களே, சாரம் கட்டி ஐந்தாவது மாடியில் தொங்கிக்கொண்டு வேலை செய்தவர்களில் அவனும் ஒருவன். என்னைப் பார்த்ததும் கீழே இறங்கி வந்து "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்றான். அவன் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

டிப்ளமோ படித்தவன் ஏன் சாரத்தில்? அரசு வேலைக்கு எழுதக் குடியுரிமை வேண்டும். தனியார் கம்பெனியில் முகவரி என்ற இடத்தில் முகாம் என்று எழுதினால் "பார்த்துச் சொல்கிறோம்" என்பார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், இங்கே பிறந்ததால் மட்டும் குடியுரிமை கிடைக்காது.

அவன் மகள் இப்போது நான்காம் வகுப்பு. கும்மிடிப்பூண்டியில் பிறந்தவள். நம் பிள்ளைகள் படிக்கிற அதே சமச்சீர்ப் பாடம். இயற்பியலை இயற்பியல் என்றுதான் சொல்கிறாள். போரைப் பார்த்ததே இல்லை. அவன் கேட்டான்: "டீச்சர், அவள் டொக்டராக வேணும் எண்டு சொல்லுறாள். நான் என்ன சொல்லுறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "படிக்கட்டும்" என்றேன். முப்பது வருஷம் எல்லாப் பெற்றோரிடமும் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு அது வாயில் கனமாக இருந்தது. எவ்வளவு படித்தால் எங்கே போய் நிற்கும் என்று அப்பாவுக்குத் தெரிகிற வீட்டில், பிள்ளையைப் படி என்று சொல்ல யாருக்கு வேகம் வரும்? ஒன்பதாம் வகுப்போடு பையன் பெயின்ட் வேலைக்குப் போனால் அதை யார் தடுப்பார்கள்? கமிட்டியில் கேட்டவருக்கு என் பதில் இதுதான். போரைப் பார்க்காத பிள்ளைக்கும் போர் போய்ச் சேர்கிறது. பாதிப் படிப்போடு நின்ற அப்பா வழியாகவும், குடியுரிமை இல்லாத காகிதம் வழியாகவும் போய்ச் சேர்கிறது.

சட்டத்தை மாற்ற நம் சங்கத்தால் முடியாது. தண்ணீர் லாரிப் பிரச்சினையையே இரண்டு வருஷமாகத் தீர்க்கவில்லை. ஆனால் நம் கைக்கு எட்டுகிற நான்கு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பழவேற்காட்டுப் பிள்ளையும் முகாம் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே மேசையில் உட்காரட்டும். தனித்தனிக் கிழமை வேண்டாம். இலங்கையில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் தனித்தனிப் பள்ளியில் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வளர்ந்ததும் அந்த நாட்டின் துயரத்தில் ஒரு பகுதி.

இரண்டு, பாடம் எடுக்க வருகிறவர்கள் தொடர்ந்து வாருங்கள். இரண்டு வாரம் வந்து மூன்றாவது வாரம் வாட்ஸ்அப்பில் 'சாரி' போடுவதாக இருந்தால் பெயர் கொடுக்க வேண்டாம். இந்தப் பிள்ளைகளின் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக அறுந்தது அந்தத் தொடர்ச்சிதான். நாமும் அறுக்க வேண்டாம்.

மூன்று, உங்களில் வக்கீல்கள் மூன்று பேர், ஆடிட்டர்கள் இரண்டு பேர், கம்பெனிகளில் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் பலர். கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப உதவலாம். முகாம் முகவரியோடு ஒரு விண்ணப்பம் வந்தால் முதலில் மார்க்கைப் பாருங்கள்.

நான்கு, அந்தப் பிள்ளைகளிடம் "உங்க ஊர்ல என்னம்மா நடந்தது?" என்று கேட்காதீர்கள். அவர்கள் ஊர் கும்மிடிப்பூண்டி. கணக்கு சொல்லிக் கொடுங்கள், போதும்.

யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றிச் சொன்னேனே, அது எப்படித் தொடங்கியது தெரியுமா? 1933-இல் கே.எம். செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் புத்தகங்களை வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார். அந்த வீட்டிலிருந்து வளர்ந்ததுதான் அந்த 97,000 நூல்கள். நம் படிக்கும் அறையில் இப்போது இருநூறு புத்தகமாவது இருக்கும், பாதி யாரும் தொடாதவை. தொடங்க அது போதும்.

அடுத்த பொதுக்குழுவில் இது தீர்மானமாக வருகிறது. கையைத் தூக்குவதற்கு முன் அந்தச் சின்னப் பெண்ணை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு செக்யூரிட்டி மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டேன்.